மார்பகப் புற்றுநோய்: விளக்கு யார் கையில்?

புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் உள்ளூர் ரயில் தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையில் நின்று செல்லும் சிறிய நிலையம் கசார்வாடி. ஒருபுறம் இருப்புப்பாதை, மறுபுறம் பழைய மும்பை-புனே நெடுஞ்சாலை, 2022 மார்ச் முதல் அந்தச் சாலைக்கு மேலே மெட்ரோ. நீராவிக் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்சாலையும் இங்குண்டு. அதைச் சுற்றி நெருக்கமான குடியிருப்புகளும் உண்டு. இதே இருப்புப்பாதையில் சற்று முன்னும் பின்னுமாக இருக்கும் கட்கியிலும் தேகு ரோடிலும் படைக்கலத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பித் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வேலை, துப்புரவு, போசரி தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் ஒப்பந்தக் கூலி எனப் பிழைக்கும் பெண்களுக்கு இந்தப் பட்டையில் குறைவில்லை. மராட்டியத்தில் ‘கசார்’ என்பது வெண்கலப் பாத்திரம் செய்வோரையும் வளையல் விற்போரையும் குறிக்கும் பெயர். உலோகத்தோடும் பெண்களின் கைகளோடும் தொடர்புடைய பெயர் ஓர் ஊருக்கு அமைந்திருப்பது தற்செயல்தான்.

இத்தகைய தொழிற்பட்டைகளில் ‘இலவச மருத்துவ முகாம்’ என்பது ஆண்டில் சில முறை வந்துபோகும் காட்சி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் ‘சமூகப் பொறுப்பு’க்குச் செலவிட வேண்டும் என்கிறது. பந்தல் போடப்படும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படும், நிழற்படம் எடுக்கப்படும், மாலையில் பந்தல் பிரிக்கப்படும். அண்மைக் காலமாக இந்தப் பட்டியலில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது. அதற்கெனப் புதுப்புதுக் கையடக்கக் கருவிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் ஒளியைக் கொண்டு மார்பகத் திசுவைப் படம்பிடிக்கும் ஒளிப்படிமத் தொழில்நுட்பம் தனிக் கவனத்துக்குரியது. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிவு என்று அது அறிமுகப்படுத்தப்படுகிறது. சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. சொல்லாமல் விடப்படுவதில்தான் உழைக்கும் பெண்களின் உயிர் ஊசலாடுகிறது.

இதன் அறிவியல் யாருக்கும் புரியக்கூடியதே. மின்சாரம் நின்றுபோன இரவில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பார்க்காத பிள்ளைகள் இல்லை. விரல்கள் சிவந்து ஒளிரும். வெள்ளொளியில் நீலமும் பச்சையும் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிட, சிவப்பு மட்டும் தசையைக் கடந்து வெளிவருவதால் அப்படித் தெரிகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் இன்னும் ஆழமாக, சில சென்டிமீட்டர் வரை ஊடுருவும். புற்றுக்கட்டி வளர்வதற்கு ஏராளமான இரத்தம் தேவை. ஆகவே அது தன்னைச் சுற்றிப் புதிய இரத்த நாளங்களை உருவாக்கிக்கொள்கிறது. அங்கே ஹீமோகுளோபின் கூடுதலாகத் திரள்கிறது. அது ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. விளைவு, ஒளிரும் திசுவின் நடுவே ஒரு நிழல். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஏந்தாததும் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், பல அலைநீளங்களைப் பயன்படுத்தினால் அந்த நிழலின் தன்மையையும் ஓரளவு கணிக்கலாம். கோவிட் காலத்தில் வீடுதோறும் விரல்நுனியில் மாட்டப்பட்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரே போல ஒளி நேர்கோட்டில் செல்வதில்லை. திசுவுக்குள் நுழைந்ததும் மூடுபனிக்குள் புகுந்த வண்டி விளக்கைப் போலச் சிதறுகிறது. எனவே படிமம் மங்கலாகவே வரும். சிறிய கட்டிகளும் ஆழத்தில் இருப்பவையும் தப்பிவிடக்கூடும். அடிபட்டுக் கட்டிய இரத்தமும் அழற்சியும் புற்றுநோய்போலத் தோற்றம் தரக்கூடும்.

‘புத்தம் புதிய கண்டுபிடிப்பு’ என்று இது விற்கப்படும்போது வரலாற்றை நினைவுகூர்வது நல்லது. மார்பகத்தின் ஊடே விளக்கொளியைப் பாய்ச்சிக் கட்டிகளை ஆராயும் முறையை அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் கட்லர் 1929இலேயே வெளியிட்டார். விளக்கின் சூடு தோலைச் சுடுமே என்பதே அன்றைய கவலைகளில் ஒன்று. 1970களிலும் 80களிலும் இம்முறை மீண்டும் உயிர்பெற்றது. ஸ்வீடனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒளிவழிப் பரிசோதனையை மேமோகிராமோடு ஒப்பிட்டு ஆராய்ந்தன. 1990இல் வெளியான அந்த ஆய்வு மேமோகிராமின் இடத்தை ஒளியால் நிரப்ப முடியாது என்பதைக் காட்டியது. அதன்பின் லேசர் ஒளியும் கணினியும் முன்னேறின. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் புரூஸ் டிராம்பெர்க் குழுவினர், கீமோதெரபி பெறும் பெண்ணின் கட்டி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பதை ஒளியைக் கொண்டு தொடக்கத்திலேயே கண்காணிக்க முடியுமா என்று ஆராய்ந்தனர். ஒளியையும் ஒலியலையையும் இணைக்கும் ‘இமாஜியோ’ என்ற கருவிக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அது ஏற்கனவே கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் பெண்களிடம் அல்ட்ராசவுண்டுக்குத் துணையாகப் பயன்படுவதற்கானது. தெருமுனைப் பந்தலில் எல்லாப் பெண்களையும் சலித்தெடுப்பதற்கானது அல்ல. உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தைப் படம்பிடிக்கும் முறை வேறு. அதையும் மேமோகிராமுக்கு மாற்றாகக் கருதக்கூடாது என்று அதே நிர்வாகம் 2019இல் எச்சரித்தது.

இவ்வளவு இருந்தும் இந்தத் தொழில்நுட்பத்தைப் புறந்தள்ளுவது தவறு. மார்பகப் புற்றுநோய் மேலைநாட்டுப் பெண்களைவிட இந்தியப் பெண்களை ஏறத்தாழப் பத்தாண்டு இளமையிலேயே தாக்குகிறது. இளம்வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமின் கண்ணும் அங்கே மங்குகிறது. மேமோகிராம் கருவிக்கு விலை அதிகம். அதை இயக்கவும் படிக்கவும் பயிற்சி பெற்ற வல்லுநர்கள் வேண்டும். அவர்களோ பெருநகரங்களில் குவிந்து கிடக்கிறார்கள். எடுத்துச்செல்லக்கூடிய, கதிர்வீச்சு இல்லாத, மின்கலத்தில் இயங்கக்கூடிய ஒரு துணைக்கருவி மிகவும் தேவைப்படும் நாடுகளில் இந்தியா ஒன்று. அதனால்தான் இது யாருடைய தேவைக்காக, யாருடைய உடலில் சோதிக்கப்பட்டு, யாருடைய கையில் தரப்படுகிறது என்ற கேள்வி எழுகிறது.

யாருடைய உடலில் என்பது அலங்காரக் கேள்வி அல்ல. ஒளி முதலில் கடக்க வேண்டியது தோலை. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் ஒளியை உறிஞ்சக்கூடியது. அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதைப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று வெளிப்படுத்தியது. பல்லாண்டுகளாக உலகெங்கும் பயன்பட்ட, எளிய கருவி அது. பெருந்தொற்று வந்து பிணங்கள் விழுந்த பிறகே இந்தக் குறை பரவலாகப் பேசப்பட்டது. அதே தத்துவத்தில் இயங்கும் மார்பக ஒளிக்கருவிகள், வெயிலில் உழைத்துக் கறுத்த பெண்களிடம், அவர்கள் எண்ணிக்கை போதுமான அளவில் இடம்பெறும் ஆய்வுகளில், பொதுத்துறை ஆய்வு நிறுவனங்களால் சரிபார்க்கப்பட வேண்டும். தயாரிப்பாளர் தரும் விளம்பரத் தாளைச் சான்றாகக் கொள்ள முடியாது. 2015 முதல் மருத்துவக் கருவித் துறையில் 100 விழுக்காடு அந்நிய நேரடி முதலீட்டுக்குத் தானியங்கி வழியைத் திறந்துவிட்ட ஒன்றிய அரசு, இந்தச் சரிபார்ப்புக்கு எவ்வளவு முதலீடு செய்திருக்கிறது என்பதையும் சொல்லட்டும்.

நோயின் பரிமாணம் சிறிதல்ல. 2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. 2010க்கும் 2014க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் அமெரிக்காவில் 90 விழுக்காடு, இந்தியாவில் 66 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு மரபணு காரணமல்ல. தாமதமாக வருவதும், வந்தபின் சிகிச்சை முடிவதற்குள் பணம் தீர்ந்துபோவதும்தான் பெரும் காரணங்கள். ஒன்றிய அரசின் வழிகாட்டுநெறி 2016 முதல், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30-49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காடு. நூறு பேரில் ஒருவர்கூட இல்லை!

கருவி இல்லாததுதான் இதற்குக் காரணமா? மும்பையில் கிடைத்த விடை வேறு. டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர் இந்திரநீல் மித்ரா தலைமையில் 1998இல் தொடங்கிய ஆய்வு, மும்பையின் 20 குடியிருப்புத் தொகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இருபதாண்டுகள் தொடர்ந்தது. பாதித் தொகுதிகளில் பயிற்சி அளிக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பரிசோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். அவர்களிடம் லேசரும் இல்லை, கணினியும் இல்லை. 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்ட நோய் 37 விழுக்காடு. மற்றப் பகுதிகளில் 47 விழுக்காடு. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு 15 விழுக்காடு குறைந்தது என்றாலும், புள்ளியியல் அளவில் அது உறுதியான குறைவு அல்ல. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50க்குக் கீழ் அத்தகைய பயன் தெரியவில்லை. ஒளிக்கருவி போன்ற துணைகளுக்கு ஆராய வேண்டிய களம் இருக்கிறது என்றால் அது இந்த இளம்வயதுப் பிரிவில்தான்.

இந்த ஆய்வின் மறுபக்கத்தையும் மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியுதவியோடு நடந்த இதில், ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பகுதிகளின் 76,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு விழிப்புணர்வுப் பேச்சும் கண்காணிப்பும் மட்டுமே கிடைத்தன, பரிசோதனை கிடைக்கவில்லை. இதே பெண்களிடம் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு குறித்து மருத்துவ அறநெறியாளர்கள் கடும் கேள்விகள் எழுப்பினர். குடிசைப் பகுதிப் பெண்கள் இருபதாண்டு கொடுத்த உடலிலிருந்து பெறப்பட்ட அறிவு அது. அந்த அறிவு அவர்களுடைய அக்கம்பக்கத்துக்கே திரும்பி வந்து சேரவில்லை என்பது அந்தக் கேள்விகளை இன்னும் கூர்மையாக்குகிறது.

கையால் தடவிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மாநகராட்சியின் செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும்தான். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வீடு சென்று நிரப்பும் படிவத்தில், மார்பில் கட்டி உண்டா, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு உண்டா, மார்பின் வடிவிலோ அளவிலோ மாற்றம் உண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன. ஒரு படிவத்துக்கு அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 10 ரூபாய். அண்டை வீட்டார் நடமாடும் ஒற்றையறை வீட்டில், முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு உண்மையான விடையைப் பெறுவதற்கு எவ்வளவு நேரமும் பக்குவமும் வேண்டும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த உழைப்புக்கு அரசு வைத்த பெயர் ‘தன்னார்வம்’. மகாராஷ்டிர ஆஷா பணியாளர்கள் 2023 அக்டோபரிலும் 2024 தொடக்கத்திலும் வேலைநிறுத்தம் செய்து, மும்பை ஆசாத் மைதானத்தில் வாரக்கணக்கில் அமர்ந்த பிறகே மதிப்பூதிய உயர்வு அறிவிப்பு வந்தது. ஒளிக்கருவிக்குப் பல இலட்சம் ஒதுக்க முன்வரும் நிர்வாகமும் நிறுவனமும், அதை ஏந்த வேண்டிய கைக்கு ஊதியம் என்றதும் பின்வாங்குவதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கருவியைத் திறந்துவைத்து நிழற்படம் எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளத்துக்குத் திறப்புவிழா கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வகுத்த மார்பகப் புற்றுநோய்ச் சட்டகம் மூன்று எண்களை முன்வைக்கிறது. பரவும் வகைப் புற்றுநோய்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் முதலிரண்டு கட்டங்களில் கண்டறியப்பட வேண்டும். அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாள்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். 80 விழுக்காட்டினராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். ஒளிக்கருவியால் உதவக்கூடியது முதல் எண்ணுக்கு மட்டும். அதன் திரையில் நிழல் தெரிந்த கணத்திலிருந்து இரண்டாவது எண்ணின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

கசார்வாடியில் அந்தக் கடிகாரம் எப்படி ஓடும்? பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாள், ‘மேற்கொண்டு பரிசோதிக்கவும்’ என்று எழுதிய தாளோடு ஒரு பெண் நிற்கிறார் என்று கொள்வோம். அருகிலிருக்கும் பெரிய அரசு மருத்துவமனை, சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சி நடத்தும் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை. பிம்ப்ரி-சிஞ்ச்வட் முழுமைக்கும் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் அதுவே புகலிடம். புறநோயாளி வரிசைக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிவழித் திசுச் சோதனைக்கு ஒரு நாள், முடிவைப் பெற ஒரு நாள். ஒவ்வொன்றும் கூலி இழக்கும் நாள். வீட்டு வேலை செய்பவரானால் வேலையையே இழக்கும் அபாயமுள்ள நாள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு ஈஎஸ்ஐ உரிமை உண்டு. ஆனால் பெயர் பதியாமல் வேலை வாங்கும் ஒப்பந்ததாரருக்குக் கீழே உழைப்பவருக்கு அது காகித உரிமை. மாநிலத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பான புறநோயாளிச் சோதனைகளின் செலவு பெரும்பாலும் அவர் தலையில். நோய் உறுதியானால், பலருக்கும் அடுத்த நிறுத்தம் மும்பை பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை. கசார்வாடியில் நிற்காத விரைவு ரயிலைப் பிடிக்க முதலில் வேறு நிலையத்துக்குப் போக வேண்டும். பரேலின் நடைபாதைகளில் படுத்துறங்கும் நோயாளிக் குடும்பங்களைக் கண்டவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின் விலையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மார்பகப் புற்றுநோய்க்கான ரிபோசிக்ளிப் மருந்துக்குக் கட்டாய உரிமம் கோரி ஒரு பெண் நோயாளி கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 2022இல் அவர் இறந்துபோனார்.

பந்தலில் ‘நிழல் இல்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்ணின் நிலை இன்னும் மோசமாகக்கூடும். கருவி தவறவிட்ட சிறு கட்டியோடு அவர் நிம்மதியாகத் திரும்புவார். சில மாதம் கழித்துக் கையில் தட்டுப்படும்போதும், ‘அதான் அன்றைக்கே மிஷினில் பார்த்துவிட்டார்களே’ என்று இருந்துவிடுவார். அடுத்த முகாம் வேறொரு நிறுவனத்துடையது, வேறொரு கருவியோடு. முந்தைய பதிவு எங்கே? அந்தப் பெண்ணின் உடற்படிமம் ஒரு தனியார் நிறுவனத்தின் கணினியில், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கும் தரவாக இருக்கலாம். கொடுத்தவருக்கு அதன் பிரதிகூட இல்லை.

கசார்வாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிம்ப்ரியில், இதற்கு நேரெதிரான ஒரு வரலாறு நிற்கிறது. 1954இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் ஒத்துழைப்போடு நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ், நாட்டின் முதல் பொதுத்துறை மருந்து நிறுவனம். அன்று பென்சிலினும் இன்றைய ஒளிக்கருவியைப் போலவே அந்நிய நிறுவனங்களின் கையிலிருந்த அதிசயம்தான். அதை இங்கேயே, பொதுச் சொத்தாக, மருத்துவமனைகளுக்கு எட்டும் விலையில் உற்பத்தி செய்ய முடியும் என்று காட்டியவர்கள் பிம்ப்ரித் தொழிலாளர்கள். இந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு நிறுவனத்தின் பெயர் எழுத்துகளைக் கொண்டே ஹாமைசின் என்று பெயரிடப்பட்டது. தாராளமயத்துக்குப் பின் நிறுவனம் நலிவடையவிடப்பட்டது. தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள். 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை எடுத்த முடிவு, அதன் உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது. ஒளி உணரிகளையும் சிறு லேசர்களையும் கொண்டு மலிவான மார்பகப் பரிசோதனைக் கருவியைப் பொதுத்துறையில் வடிவமைத்துத் தயாரிக்க நிலமும், பொறியியல் திறனும், கைதேர்ந்த தொழிலாளர்களும் இந்த ஒரே பட்டையில் இருக்கின்றன. இல்லாதது அரசின் விருப்பம்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 2022 மார்ச் முதல் சில ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் நிர்வாக அதிகாரியால் நடத்தப்பட்டது. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் முகாம்களும் திறப்புவிழாக்களும் தடையின்றி நடந்தன. இப்போது கசார்வாடியிலும் அதன் அண்டைக் குடியிருப்புகளிலும் மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் எளிமையானவை. வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், மாநகராட்சி மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியரின் கையால் மார்பகப் பரிசோதனை நடக்க வேண்டும். ஒளிக்கருவி வருமானால் அந்தச் செவிலியரின் மேசைக்கு வரட்டும், பந்தலுக்கு அல்ல. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பெண்ணுக்கும் தேதி குறித்த ஸ்கேன், திசுச் சோதனை, அந்த நாள்களுக்குக் கூலி இழப்பீடு வேண்டும். அவர் எத்தனையாவது நாளில் முடிவைப் பெற்றார் என்பது, பெயர் இன்றி, வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும்.